உஷார்! முதல் கட்டிங்கிலேயே முகம் சிவக்கிறதா? சட்டைப்பையைத் தேடுங்கள்

கல்யாணத்துக்கு முந்தின இரவு. மண்டபத்தை ஒட்டிய லாட்ஜில் ஓர் அறை. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பெண்கள் படுக்கப் போனதும் ஆண்களில் ஏழெட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். கட்டிலில் விரித்த செய்தித்தாளில் மிக்சர், அவித்த முட்டை, ஊறுகாய் பாக்கெட். எனக்குக் குடிக்கும் பழக்கம் இல்லை. முட்டைக்காக உட்கார்ந்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் முதல் கட்டிங்கை முடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. எதிரே இருந்த சித்தப்பா சிரித்தார்.

"என்னடா, மாப்பிள்ளைக்கு வர வேண்டிய கல்யாணக் களை உனக்கு வந்திருக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மச்சான் மாநிறம். அந்த முகத்தில் நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் செம்பு பூசியதுபோல ஒரு நிறம். கண் இரண்டும் மிளகாய்ப்பொடி பட்டதுபோலச் சிவந்திருந்தன. "காது பத்திக்கிட்டு எரியுது" என்றார். சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். வியர்வை ஊற்றியது. "நெஞ்சு திம்திம்னு அடிக்குது" என்று எழுந்தவர் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தார். பிறகு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வைத்தியத்துக்கா பஞ்சம்? பித்தம் ஏறிவிட்டது, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு என்றார் ஒருவர். மோர் கொடு என்றார் இன்னொருவர். சரக்கு டூப்ளிகேட், கடைக்காரனை விடக் கூடாது என்று மூன்றாமவர் எழுந்து செருப்பைத் தேடினார். அதே பாட்டிலில் ஊற்றிக் குடித்த மற்ற நான்கு பேரும் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவில்லை.

நல்ல வேளை, மாப்பிள்ளையின் தம்பி ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் மேல் பிரஷர் 80. டூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்பதைவிட ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"மாத்திரையே கிடையாது டாக்டர். சுகர் இல்ல, பிரஷர் இல்ல."

நம் ஊரில் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சுகர்க்காரர், பிரஷர்க்காரர் மட்டும்தான். மற்றதெல்லாம் கணக்கில் வராது. டாக்டர் விடவில்லை. "காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல்வலி, சேற்றுப்புண், எதுக்காவது?" பல் என்றதும் மச்சான் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மூன்று நாளைக்கு முன் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார். உள்ளேயிருந்து வந்த மாத்திரை அட்டையில் நான்கு குழி, அதில் இரண்டு காலி. கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்ததில் மருந்தின் பெயர் பாதி கடையிலேயே தங்கிவிட்டது. மீதி இருந்தது '…டசோல் 400' மட்டும். டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. மெட்ரோனிடசோல். ட்ரிப்ஸ் ஏற்றி விடிய விடியப் படுக்க வைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த என் தங்கை அன்று பந்தியில் என்ன பரிமாறினாள் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

குடித்தால் முகம் சிவப்பது சகஜம், உடம்பில் ஏறுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிலர் அதில் பெருமைகூடப் படுகிறார்கள். வேண்டாம். அது சாராயத்தின் நிறமே இல்லை. சாராயம் கல்லீரலுக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அங்கே இருக்கும் ஒரு நொதி அந்த நச்சை உடனுக்குடன் பிடித்து, தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றி அனுப்பிவிடும். குப்பை வண்டி வேளாவேளைக்கு வந்து அள்ளிக்கொண்டு போவதுபோல. அந்த வண்டி நின்றுவிட்டால் நச்சு ரத்தத்தில் தேங்கும். ரத்தக் குழாய்கள் விரிந்துகொள்ளும். முகம் காந்தும், தலை விண்விண் என்று தெறிக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், பிரஷர் சரியும். முகம் சிவக்கிறது என்றால் உள்ளே குப்பை தேங்குகிறது என்று பொருள்.

வண்டி நிற்க இரண்டு முக்கியக் காரணங்கள். ஒன்று, பிறவியிலேயே அந்த நொதி பழுது. இன்னொன்று, நாம் விழுங்கிய ஏதோ ஒரு மருந்து அதைக் கட்டிப்போட்டுவிட்டது. பிறவிப் பழுது கிழக்காசியாவில் கோடிக்கணக்கானவர்களுக்கு உண்டு. தமிழர்களிடம் அது மிக அரிது. அதனால்தான் சொல்கிறேன்: பத்து வருஷமாகக் குடித்தும் சிவக்காத ஒரு முகம் இன்றைக்குத் திடீரென்று சிவந்தால் பாட்டிலைச் சந்தேகப்படுவதற்கு முன் மாத்திரையைச் சந்தேகப்படுங்கள்.

எந்த மாத்திரை? பல்லுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வீட்டுக்கு வீடு விழுங்கும் மெட்ரோனிடசோல், டினிடசோல். ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும் செஃபோபெரசோன். படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின். பழைய சர்க்கரை மாத்திரையான குளோர்புரோபமைடு. மாத்திரைகூட வேண்டாம். வெண்புள்ளிக்கும் கரப்பானுக்கும் முகத்தில் தடவும் டாக்ரோலிமஸ் களிம்பு போதும், அதைத் தடவுகிறவர்களில் சிலருக்குக் குடித்த சற்று நேரத்தில் தடவிய இடம் மட்டும் சிவந்து காந்தும். இவை எல்லாம் ஒரே வழியில் வேலை செய்பவை அல்ல. மெட்ரோனிடசோல் விஷயத்தில், பரிசோதனைக்காகச் சாராயம் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. ஆனால் மச்சானைப்போல மாட்டிக்கொள்ளும் சிலரில் நீங்கள் இருப்பீர்களா என்று முன்கூட்டிச் சொல்லும் ஜோசியம் எந்த டாக்டரிடமும் இல்லை. அதனால்தான் மாத்திரை முடிந்தும் இரண்டு மூன்று நாள் குடிக்காதீர்கள் என்கிறார்கள். மச்சானிடமும் பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். 'கல்யாணம்' என்று இவர் மனசுக்குள் விதிவிலக்கு எழுதிக்கொண்டார்.

இந்த வரிசையின் தலைவன் பெயரை இன்னும் சொல்லவில்லை. டைசல்ஃபிராம். முகத்தைச் சிவக்க வைப்பதற்கென்றே கொடுக்கப்படும் மருந்து. எனக்கு நிஜமான பயம் இதைப் பற்றித்தான்.

இது மருந்தாக வந்த கதையே வேடிக்கையானது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனக் குடும்பம் இது. 1937-ல் அமெரிக்காவில் ரப்பர் ஆலை ஒன்றைக் கவனித்த வில்லியம்ஸ் என்ற டாக்டர், அங்கே வேலை செய்பவர்களால் ஒரு வாய்கூடக் குடிக்க முடியவில்லை, குடித்தால் முகம் சிவந்து அவதிப்படுகிறார்கள் என்று எழுதினார். பத்து வருஷம் கழித்து டென்மார்க்கில் எரிக் ஜேகப்சன், யென்ஸ் ஹால்ட் என்று இரண்டு பேர் டைசல்ஃபிராமைப் பூச்சி மருந்தாக, அதாவது வயிற்றுப் புழுவுக்கு, பயன்படுத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகு குடித்தபோது வந்த வினையை இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. 1948-ல் குடி நோய்க்கான மருந்தாக அதைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கும் மனநல மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். குடிப்பவர் தானே விரும்பி, என்ன நடக்கும் என்று தெரிந்து, காலையில் மனைவி கையாலேயே வாங்கிப் போட்டுக்கொண்டால் அது நல்ல காவல்காரன்.

அந்த 'தெரிந்து' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊர்ச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் பார்த்திருப்பீர்கள்: குடிக்கிறவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கிறோம், சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் போதும், கீழே ஒரு செல்போன் எண்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. நான் ஆரோக்கியப் பக்கம் எழுதுகிறவன் என்று தெரியும். ஒருநாள் தண்ணீர் லாரி வந்தபோது குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். தினசரித் தாளில் மடித்து, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. உள்ளே வெள்ளைப் பொடி. பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை.

"ஆயிரத்து ஐந்நூறு ரூபா தம்பி. ரசத்துல போட்டா வேலை செய்யுமா, சாம்பார்லயான்னு கேக்க மறந்துட்டேன்."

அவர் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பொடி வெறும் கோதுமை மாவாக இருந்தால் ரூபாயோடு போயிற்று. டைசல்ஃபிராமை இடித்த தூளாக இருந்தால்? ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் போகிறது என்று யாருக்குத் தெரியும்? டாக்டர் கொடுத்தால் வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம். கல்லீரலையும் இதயத்தையும் சோதித்துவிட்டு, கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகே தொடங்குவார்கள். இதய நோய்க்காரருக்குப் பெரும்பாலும் தரவே மாட்டார்கள். இங்கே ஒரு மனுஷன் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் தெரியாமல் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டரை உள்ளே தள்ளுவார். பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் ஆரம்பித்துவிடும். முகச் சிவப்பு அதன் முதல் பக்கம்தான். கடுமையானால் பிரஷர் படுத்துவிடும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், மாரடைப்பு, வலிப்பு, சாவு வரைக்கும் போகும். அவர் அப்போது லோடு ஆட்டோவில் இருந்தால் எதிரே வருகிறவருக்கும் சேர்த்து.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் டாக்டர் கேட்கும் அந்த ஒரே கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. பதில் தெரிந்த ஒரே ஆள் பயந்துபோய் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

"நேத்து போடவே இல்லையே" என்பதும் தப்பிக்க வழியில்லை. டைசல்ஃபிராம் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். கல்லீரல் புதிதாக நொதி செய்து முடிக்கும்வரை நிலைமை மாறாது. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைக்கும் குடித்தால் வினைதான். குடிகூட வேண்டாம். சாராயம் கலந்த இருமல் டானிக், அரிஷ்டம், வாய் கொப்பளிக்கும் திரவம் இவற்றுக்கே சிலருக்கு வந்துவிடும். அமெரிக்காவில் இந்த மருந்தோடு வரும் விவரத் தாளில் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள்: போதையில் இருப்பவருக்குக் கொடுக்காதே, முழு விவரம் தெரியாதவருக்குக் கொடுக்கவே கொடுக்காதே, உறவினர்களிடமும் இதைச் சொல்லிவை.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லாமல் பார்ப்பார்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். "கூப்பிட்டா வருவாரா தம்பி?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பொட்டலத்தை மட்டும் வாங்கி என் வீட்டுக் கழிப்பறையில் கொட்டினேன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு அந்தம்மா எத்தனை வீட்டில் பாத்திரம் தேய்த்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொட்டலம் மடித்து விற்றவனைச் சொல்ல வருகிறது.

இனி பிறவிப் பழுதுக்கு வருகிறேன். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்: கூட வேலை செய்யும் சீன நண்பர் அரை டம்ளர் பீருக்கே தக்காளியாகிவிடுவார். அந்த நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஜப்பான், கொரியா, சீனா, தைவான் பக்கம் மூன்றில் ஒருவருக்கு மேல் இது உண்டு, தைவானில் பாதிப் பேருக்கு நெருக்கம். உலகம் முழுக்க 54 கோடிப் பேர் என்று 2009-ல் கணக்கிட்டார்கள். நான்கு துண்டுகள் சேர்ந்தால்தான் அந்த நொதி முழுசாகும், ஒரு துண்டு பழுதாக இருந்தாலும் மொத்தமும் மந்தமாகிவிடும். அதனால் அப்பா வழியாகவோ அம்மா வழியாகவோ ஒரு பக்கம் பிழை வந்திருந்தாலே முகம் சிவந்துவிடும்.

இரண்டு பக்கமும் பிழை வந்தவர்கள் ஒரு வாய்க்கே சுருண்டு விழுவார்கள். அதனால் குடிக்கவே மாட்டார்கள், பிழைத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் வந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நண்பர்கள் தூண்ட, அதிகாரி ஊற்றிக் கொடுக்க, சிவப்பைச் சகித்துக்கொண்டு குடித்துப் பழகுகிறார்கள். பழகப் பழகச் சிவப்பு குறையும், நச்சு குறையாது. ஜப்பானில் குடி நோயாளிகளைச் சோதித்தபோது இந்த ஒரு பக்கப் பிழை உள்ளவர்கள் 1979-ல் 2.5 சதவீதம்தான். 1986-ல் 8 ஆனது, 1992-ல் 13 ஆனது. மரபணு பதின்மூன்று வருஷத்தில் மாறவில்லை. மாலையில் அலுவலகம் விட்டதும் அதிகாரியோடு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற ஊர் வழக்கம் உடம்பின் தடுப்பணையைத் தாண்டிவிட்டது.

இதன் விலை உணவுக்குழாய்ப் புற்றுநோய். சாராயத்தால் உண்டாகும் அசிட்டால்டிஹைடு மனிதனுக்குப் புற்றுநோய் வரவழைப்பது உறுதி என்று பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-ல் முதல் பிரிவில் வைத்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. முகம் சிவந்தும் விடாமல் குடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து மற்றக் குடிகாரர்களைவிடப் பல மடங்கு. யோகோசுகாவின் குரிஹாமா மருத்துவமனை டாக்டர்கள் இந்த நொதிப் பழுதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் இரண்டே கேள்வி வைத்திருக்கிறார்கள். ஒரு கிளாஸ் பீர் குடித்ததும் இப்போது முகம் சிவக்கிறதா? குடிக்க ஆரம்பித்த முதல் ஓரிரு வருஷத்தில் சிவந்ததா? இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள், பழகி மறைந்துபோன சிவப்பைத் தோண்டி எடுக்கத்தான் அது. அவர்கள் சொல்லும் கிளாஸ் 180 மில்லி, ஜப்பானின் பழைய அளவுப்படி ஒரு 'கோ'. நம் குவார்ட்டரும் அதே 180-தான். ஆனால் அதில் இருப்பது 42.8 சதவீதச் சரக்கு.

அந்தப் பக்கத்து இளைஞர்களிடம் ஒரு தந்திரம் பரவி, இப்போது நம் பையன்களிடமும் வந்திருக்கிறது. பார்ட்டிக்குப் போகும் முன் நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்று, ஃபமோடிடின், போட்டுக்கொள்வது. முகம் சிவக்காது, போட்டோவில் அழகாக இருக்கலாம். ரத்தத்தில் இருக்கும் நச்சு அப்படியேதான் இருக்கும். சைரனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தீ அணைந்துவிட்டது என்று நம்புகிற வேலை இது. அதோடு சிவப்பு இல்லாத தைரியத்தில் இன்னும் இரண்டு ரவுண்டு போகும்.

நம் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. கறுத்த முகத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. சில சமயம் முகம் இன்னும் கறுத்ததுபோலத்தான் இருக்கும். காது மடலைத் தொட்டுப் பாருங்கள், சுடும். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். கழுத்தும் மார்பும் காந்துகிறதா என்று கேளுங்கள். சிவக்கவில்லையே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

எல்லாச் சிவப்பும் இந்த வகை இல்லை. மூக்கும் கன்னமும் வெயிலுக்கும் காரத்துக்கும் குடிக்கும் சிவந்து, பருப்பருவாக இருந்தால் ரோசேசியா என்ற தோல் நோயாக இருக்கலாம். உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்றால் ஒவ்வாமை, அது ஓட வேண்டிய அவசரம். பல வருஷம் குடித்தவருக்கு உள்ளங்கை எப்போதும் சிவந்து, மார்பில் சிலந்திக் கால்போல ரத்தக் குழாய்கள் தெரிந்தால் கல்லீரல் முறையிடுகிறது. கள்ளச்சாராயத்தின் மெத்தனாலுக்கு முகச் சிவப்பு அடையாளமே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற விஷம் அது. பார்வை மங்கல், தாங்க முடியாத வயிற்றுவலி என்றால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது.

சரி, கண்ணெதிரே ஒருவர் முகம் சிவந்து வியர்த்து உட்கார்ந்தால்? கையில் இருக்கும் கிளாஸை வாங்கிக் கீழே வையுங்கள், அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எலுமிச்சையும் மோரும் நொதியைத் திருப்பிக் கொண்டுவராது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல், தாறுமாறான படபடப்பு, இதில் ஒன்று இருந்தாலும் 108. வண்டி வருவதற்குள் சட்டைப்பை, பேன்ட் பை, பர்ஸ், பெட்டி எல்லாவற்றையும் துழாவி மாத்திரை அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது சாப்பாட்டில் எதையாவது கலந்திருந்தால் அதை டாக்டர் காதில் மட்டுமாவது சொல்லிவிடுங்கள். திட்டு விழும். ஆள் பிழைப்பார்.

மச்சான் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால், கடைக்காரர் கத்தரிக்கோலை எடுக்கும்போதே அட்டையைத் திருப்பச் சொல்லிப் பின்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். போன வாரம் அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார், கேஸ் கீஸ் போடப் போறீங்களா?"

"இல்லண்ணே, அடுத்த மாசம் வீட்ல இன்னொரு கல்யாணம்."